பதினான்கு சென்ட்டும் ஒரு கடிதமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் 2025ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் பருவம் இது. சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துபவர்கள், உணவு வங்கியில் பெட்டி அடுக்குபவர்கள், கோயில் மடைப்பள்ளியில் நிற்பவர்கள், தனியே வாழும் முதியவர்களை மருத்துவமனைக்குக் காரில் அழைத்துப்போய் வருபவர்கள் என்று தொண்டு செய்யும் தமிழர்கள் இங்கே நிறைய உண்டு. அந்தப் பயணச் செலவுக்கு வரிக் கழிவு இருக்கிறது என்பதே இவர்களில் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலரோ கழிக்கக் கூடாததையும் சேர்த்துக் கழித்துவிட்டுப் பிறகு முழிக்கிறார்கள். வரிப் படிவம் தயாரிக்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கி எழுதுகிறோம். தமிழ்ச் சங்கங்களையும் பள்ளிகளையும் நடத்துகிறவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அது ஒரே ஒரு கடிதம் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறோம்.

உங்கள் நேரத்துக்கு இந்தச் சட்டத்தில் விலை கிடையாது. மணிக்கு 200 டாலர் வாங்கும் மருத்துவர் 8 மணி நேரம் இலவச முகாமில் உட்கார்ந்தாலும் 1,600 டாலரைக் கழிக்க முடியாது. அந்தப் பணம் அவருக்கு வருமானமாக வரவில்லை, வரியும் கட்டவில்லை, அப்புறம் எதிலிருந்து கழிப்பது? கழிக்க முடிவது, தொண்டு செய்வதற்காக உங்கள் கையைவிட்டுப் போன, யாரும் திருப்பித் தராத செலவை மட்டும்தான். வருமான வரிச் சட்டத்தின் 170ஆம் பிரிவு நன்கொடையைப் பற்றியது. இந்தச் செலவையும் அதன் விதிகள் நன்கொடையாகவே பார்க்கின்றன. அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ் வெளியிடும் 526ஆம் எண் கையேட்டில் எல்லாம் எளிய ஆங்கிலத்தில் இருக்கிறது. வரி மென்பொருளைத் திறப்பதற்கு முன் அதை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

யாருக்காகச் செய்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நன்கொடைக் கழிவுக்குத் தகுதி பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது 501(சி)(3) அமைப்பு, அதாவது வருமான வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவின்கீழ் வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பு. 'லாப நோக்கமற்றது' என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் போதாது. குடியிருப்போர் சங்கம், பொழுதுபோக்கு மன்றம், அரசியல் வேட்பாளரின் பிரசாரக் குழு ஆகிய எதற்கு வண்டி ஓட்டினாலும் ஒரு சென்ட் கழியாது. ஐஆர்எஸ் இணையதளத்தில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகளைத் தேடும் பக்கம் இருக்கிறது. அமைப்பின் பெயரைவிட அதன் வரி அடையாள எண்ணான ஈஐஎன் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். 'தமிழ்ச் சங்கம்' என்ற சொல்லை ஒவ்வொரு ஊர்க்காரரும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். வரிவிலக்கு பெற்ற அமைப்புகளின் ஆண்டு அறிக்கையான 990 படிவத்தை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாத அமைப்பின் தகுதி தானாகவே ரத்தாகிவிடும். சிறிய சங்கங்களில் செயற்குழு மாறும்போது, புதிதாக வந்தவருக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரியாமல் இது நடந்துவிடுகிறது. ஆகவே போன வருடம் இருந்த தகுதி இந்த வருடமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோயில், தேவாலயம், மசூதி போன்ற வழிபாட்டுத் தலங்கள் தனியே விண்ணப்பிக்காமலே தகுதி பெறுபவை என்பதால் அந்தப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம்.

இனி கார். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, மைலுக்கு 14 சென்ட். மற்றது, அந்தப் பயணத்துக்கு உண்மையில் ஆன பெட்ரோல், ஆயில் செலவு. பார்க்கிங் கட்டணத்தையும் டோலையும் எந்த வழியைத் தேர்ந்தாலும் கூடுதலாகச் சேர்க்கலாம். டயர், பழுதுபார்ப்பு, காப்பீடு, பதிவுக் கட்டணம், வண்டியின் தேய்மானம் ஆகியவற்றை எந்த வழியிலும் சேர்க்க முடியாது. அலுவலக வேலைக்கான மைலேஜ் கணக்குக்குப் பழகியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 2025இல் தொழிலுக்கான விகிதம் மைலுக்கு 70 சென்ட். தேய்மானமும் காப்பீடும் அதற்குள்ளேயே அடக்கம். தொண்டுக்கு அந்தக் கணக்கு இல்லை.

14 சென்ட்டா, பெட்ரோலா என்று முடிவு செய்ய ஒரு வகுத்தல் போதும். ஒரு காலன் பெட்ரோல் விலையை, உங்கள் கார் ஒரு காலனுக்கு ஓடும் மைலால் வகுங்கள். விலை 3.50 டாலர், கார் 25 மைல் ஓடுகிறது என்றால் விடை சரியாக 14 சென்ட். எதை எடுத்தாலும் ஒன்றுதான். 18 மைல் மட்டும் ஓடும் பெரிய வேன் என்றால் 19 சென்ட்டுக்கு மேல் வரும், ரசீதை வைத்துப் பெட்ரோல் கணக்கே போடலாம். 50 மைல் ஓடும் ஹைப்ரிட்டில் 7 சென்ட்தான் ஆகிறது, அங்கே 14 சென்ட் லாபம். மின்சாரக் காரை வீட்டிலேயே சார்ஜ் செய்பவர், மின்கட்டணத்தில் காரின் பங்கைப் பிரித்தெடுக்க மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் 14 சென்ட்டை எடுத்துக்கொண்டு போகலாம்.

வீட்டிலிருந்து தொண்டு செய்யும் இடத்துக்குப் போய்வரும் தூரம் முழுவதும் கணக்கில் வரும். அலுவலகத்துக்குப் போய்வரும் தூரம் கழியாது என்ற விதியை இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம். பேருந்து, ரயில், டாக்சிக் கட்டணமும் அப்படியே கழியும். ஆனால் போகும் வழியில் மளிகைக் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் சுற்றிப்போன மைல்களை வெட்டிவிட வேண்டும். நான்கு ஆசிரியர்கள் ஒரே காரில் போனால் கழிவு பெட்ரோல் போட்டவருக்கு மட்டுமே. மற்ற மூவரும் அவருக்குப் பங்கு கொடுத்திருந்தால், கொடுத்தவர் தன் பங்கைக் கழிப்பார். வாங்கியவர் அந்த அளவுக்குத் தன் கணக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதி வைப்பது பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 10ஆம் தேதி இரவு உட்கார்ந்து, நாட்காட்டியைப் பார்த்து, 'வாரம் 40 மைல், 52 வாரம்' என்று ஒரே பேனாவில் எழுதிய பட்டியலை வரி அதிகாரி பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார். பள்ளி 52 வாரமும் நடப்பதில்லையே! அந்தந்த நாளே எழுதுங்கள்: தேதி, அமைப்பின் பெயர், என்ன வேலை, புறப்படும்போதும் திரும்பும்போதும் ஓடோமீட்டர் எண், டோல், பார்க்கிங். பெட்ரோல் கணக்கு போடுபவர் என்றால் அந்த ரசீதுகளும் வேண்டும். காரின் கையுறைப் பெட்டியில் ஒரு சிறு நோட்டுப்புத்தகம் போதும். செல்பேசியில் செயலியாக இருந்தாலும் சரி. கணக்கைத் தாக்கல் செய்த பிறகு குறைந்தது மூன்று ஆண்டுகள் பத்திரமாக இருக்கட்டும்.

கழியாதவற்றில் மூன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முதலாவது சாப்பாடு. நாள் முழுக்கத் தொண்டு செய்துவிட்டு மதியம் வெளியே வாங்கிச் சாப்பிட்டது சொந்தச் செலவுதான். வெளியூரில் இரவு தங்க வேண்டிய பயணமாக இருந்தால் மட்டுமே உணவு கழியும். அப்போது தொழில்முறைப் பயணத்தில் இருக்கும் பாதிதான் கழியும் என்ற வரம்பு கிடையாது, முழுவதும் கழியும். இரண்டாவது, நீங்கள் தொண்டுக்குப் போன நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவு. இது நியாயமான செலவுதான். ஆனாலும் நன்கொடைக் கழிவில் இடமில்லை.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது: பிள்ளைகளின் தொண்டுக்குப் பெற்றோர் செய்யும் செலவு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சேவை மணி நேரம் சேர்க்க உணவு வங்கிக்கும் நூலகத்துக்கும் போகிறார்கள். கொண்டுபோய் விடுவது அப்பா. அந்த மைல்களை அப்பா கழிக்க முடியாது, ஏனென்றால் தொண்டு செய்தவர் அவர் இல்லை. 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டேவிஸ் வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. மார்மன் சபைக்காக முழுநேரச் சமயப் பணிக்குப் போன மகன்களின் செலவுக்கு அவர்களின் பெற்றோர் நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தார்கள். அது கழியாது என்றது நீதிமன்றம். செலவு, அதைச் செய்தவரின் சொந்தச் சேவையை ஒட்டியதாக இருக்க வேண்டும். ஆனால் அமைப்பே கேட்டுக்கொண்டு, மாணவர் குழுவைக் காரில் ஏற்றிச் செல்லும் பொறுப்பை உங்களுக்குக் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது ஓட்டுநர் வேலையே உங்கள் தொண்டு. அதே அளவுகோலில், உங்கள் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் இறக்கிவிடப் போவது தொண்டு அல்ல. வகுப்பு எடுக்கப் போவது தொண்டு. பிள்ளையும் அதே காரில் பின்னால் உட்கார்ந்து வந்தால் உங்கள் தொண்டு இல்லாமல் போய்விடாது. ஆனால் நீங்கள் வகுப்பெடுக்காத வாரங்களையும் பட்டியலில் சேர்த்தால் போய்விடும்.

வெளியூர்ப் பயணத்துக்குச் சட்டம் கடுமையான ஒரு விதியை வைத்திருக்கிறது. 170(ஜே) உட்பிரிவு: பயணத்தில் சொந்த இன்பம், பொழுதுபோக்கு, விடுமுறை என்பவை குறிப்பிடத்தக்க அளவில் இருந்தால் விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு எதுவும் கழியாது. தொழில்முறைப் பயணத்தில் செய்வதுபோல 'இத்தனை நாள் வேலை, இத்தனை நாள் ஊர் சுற்றியது' என்று விகிதம் போடவும் இதில் வழியில்லை. ஒன்று முழுவதும் உண்டு, இல்லையேல் முழுவதும் இல்லை. வேலையை நீங்கள் ரசித்துச் செய்வது குற்றமல்ல. சிறுவர் குழுவை முகாமுக்கு அழைத்துப்போகும் பொறுப்பாளர் முகாமை ரசித்தாலும், பயணம் முழுக்க உண்மையான பொறுப்பில் இருந்தால் அவர் செலவு கழியும் என்கிறது ஐஆர்எஸ் கையேடு. அதே கையேட்டில் இன்னும் சில உதாரணங்கள். காலையில் சில மணி நேரம் அகழாய்வில் வேலை, மீதி நாள் உங்கள் இஷ்டம் என்றால் எதுவும் கழியாது, எவ்வளவு வியர்வை சிந்தியிருந்தாலும். தீவுக்குத் தீவு படகில் போய் நாளுக்கு 8 மணி நேரம் திமிங்கிலம் எண்ணினாலும் பெரும்பாலும் கழியாது. அமைப்பின் பிரதிநிதியாக நாள் முழுக்கக் கூட்டத்தில் இருந்துவிட்டு இரவு நாடகம் பார்க்கப் போனால் பயணச் செலவு கழியும், நாடகச் சீட்டு கழியாது.

இதை இந்தியப் பயணத்துக்குப் பொருத்திப் பாருங்கள். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். ஒரு கல்யாணம், குலதெய்வம் கோயில், அம்மா அப்பாவோடு பத்து நாள். நடுவில் மூன்று நாள் கிராமத்துப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுத்தோம். தொண்டு நல்லதுதான், ஆனால் விமானச் சீட்டில் ஒரு டாலர்கூடக் கழியாது. அதே ஆள், இங்குள்ள 501(சி)(3) அமைப்பு நடத்தும் பத்து நாள் கண் சிகிச்சை முகாமுக்குப் போய், ஒன்பது நாள் காலை முதல் மாலை வரை அட்டவணைப்படி வேலை செய்து, ஒரு மாலை மட்டும் பக்கத்துக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினால் கழிவு கேட்க நல்ல அடித்தளம் இருக்கிறது. அதற்கு அந்த அட்டவணையும், நீங்கள் எந்த நாள் என்ன வேலை செய்தீர்கள் என்ற குறிப்பும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, அந்தச் சேவை அமெரிக்கத் தகுதி பெற்ற அமைப்புக்காகச் செய்ததாக இருக்க வேண்டும். நடக்கும் இடம் இந்தியாவாக இருப்பதில் சிக்கலில்லை. ஆனால் அங்குள்ள அறக்கட்டளைக்கு நேராகப் போய் உதவினால், அது எவ்வளவு பெரிய பெயர் பெற்ற அறக்கட்டளையாக இருந்தாலும், கழிவு கிடையாது. வெளிநாட்டு அமைப்புகளில் கனடா, மெக்சிகோ, இஸ்ரேல் ஆகிய மூன்று நாட்டு அமைப்புகளுக்கு மட்டுமே வரி ஒப்பந்தங்கள் வழியே, நிபந்தனைகளோடு இடம் உண்டு. இந்தியாவில் நன்கொடைக்குக் கொடுத்த 80ஜி வரிவிலக்கு ரசீதை இங்கே தனிநபர் வரிப் படிவமான 1040 படிவத்தோடு கொண்டுவருபவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். அந்த ரசீது இந்திய வருமானத்துக்கு இந்திய வரித் துறையிடம் செல்லும், ஐஆர்எஸ்ஸிடம் செல்லாது.

சில அமைப்புகள், 'நீங்கள் எங்களுக்கு 2,500 டாலர் நன்கொடை கொடுங்கள், உங்கள் பயணத்தை நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்' என்கின்றன. கையில் அழகான நன்கொடை ரசீது வேறு கிடைக்கும். பயணம் மேலே சொன்ன சோதனையில் தோற்றால் இந்த ரசீதும் தோற்றுவிடும். பணம் நேராகப் போனாலும் அமைப்பின் கை வழியாகச் சுற்றிப் போனாலும் அதே விதிதான் என்று சட்டமே சொல்கிறது.

மாநாட்டுப் பயணமும் அப்படித்தான். ஜூலை 4 விடுமுறையை ஒட்டி நடக்கும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழாவுக்குக் குடும்பத்தோடு போய் நிகழ்ச்சி பார்த்துவிட்டு வருவது விடுமுறைதான். உங்கள் சங்கம் உங்களைத் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பி, நீங்கள் இரவு தங்கிக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தால் உங்கள் பயணச் செலவு கழியலாம். வெறும் உறுப்பினராகப் போனால் கழியாது. எப்படிப் போனாலும் மனைவி, கணவர், பிள்ளைகளின் சீட்டும் சாப்பாடும் கழியவே கழியாது. பிரதிநிதி என்பதற்குச் செயற்குழுக் கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானம் எழுதியிருந்தால் பின்னால் வாதாட வேண்டிய அவசியம் வராது.

இப்போது அந்தக் கடிதம். ஒரு நன்கொடை 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் அமைப்பிடமிருந்து எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்பது பொது விதி. தொண்டுக்கான கைச்செலவுக்கும் இது பொருந்தும். பலர் இதைக் கவனிப்பதில்லை. விமானச் சீட்டு 1,400 டாலர், வங்கி அட்டைக் கணக்கில் தெளிவாக இருக்கிறது, விமான நிறுவன ரசீதும் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்கிறார்கள். அமைப்பின் கடிதம் வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் அந்த 1,400 டாலர் போய்விடும். 2011இல் வரி நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கலிஃபோர்னியாவில் தெருப்பூனைகளைத் தன் வீட்டில் வைத்துப் பராமரித்த ஒரு தன்னார்வலர், தீனி, மருத்துவம், துப்புரவு என்று 12,000 டாலருக்கு மேல் கழித்திருந்தார். பூனை வளர்ப்பதும் அமைப்புக்கான சேவைதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 250 டாலருக்குக் குறைவான செலவுகளை அவர் வைத்திருந்த ரசீதுகளைக் கொண்டு பெரும்பாலும் அனுமதித்தது. 250ஐ எட்டிய செலவுகளுக்கு அமைப்பின் கடிதம் இல்லை. அவை முழுவதும் தள்ளுபடி. ஒவ்வொரு செலவும் தனித்தனியே 250ஐ எட்டுகிறதா என்பதே கேள்வி. ஆண்டு மொத்தம் அல்ல. ஆகவே வாராந்தர மைலேஜுக்குக் கடிதம் அநேகமாகத் தேவைப்படாது. விமானச் சீட்டுக்கும் ஓட்டல் அறைக்கும்தான் கண்டிப்பாகத் தேவை. எங்கள் கருத்தில் இரண்டுக்குமே வாங்கி வைப்பது நல்லது. கடிதம் இருக்கும் கோப்பை அதிகாரி புரட்டும் விதமே வேறு.

அந்தக் கடிதத்தில் டாலர் தொகை இருக்க வேண்டியதில்லை. நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது அமைப்புக்கு எப்படித் தெரியும்? அது உங்கள் ரசீதுகளின் வேலை. கடிதம் சொல்ல வேண்டியது: இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களுக்காக இன்ன சேவை செய்தார், அவருடைய செலவுக்கு ஈடாக நாங்கள் பொருளோ சேவையோ எதுவும் தரவில்லை, தந்திருந்தால் இன்னது தந்தோம், அதன் மதிப்பு சுமார் இவ்வளவு. வழிபாட்டுத் தலம் என்றால், கிடைத்தது ஆன்மிகப் பலன் மட்டுமே என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம், அமைப்பின் முகவரித்தாளில், ஈஐஎன் எண்ணோடு. 'அன்னாரின் தன்னலமற்ற தொண்டைப் பாராட்டி' என்று தொடங்கி அரைப்பக்கம் புகழ்ந்துவிட்டு, 'ஈடாக எதுவும் தரவில்லை' என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடும் கடிதங்கள் வருகின்றன. சட்டம் தேடுவது அந்த வாக்கியத்தைத்தான். பாராட்டுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், கழிவுகளைப் பட்டியலிடும் படிவமான ஷெட்யூல் ஏயில் ஒட்ட முடியாது.

கடிதத்துக்குக் காலக்கெடுவும் உண்டு. நீங்கள் படிவத்தைத் தாக்கல் செய்யும் நாள், அல்லது தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் (அவகாசம் வாங்கியிருந்தால் அதையும் சேர்த்து), இவற்றில் எது முந்தியதோ அதற்குள் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். பிப்ரவரி 20ஆம் தேதி தாக்கல் செய்தவர் மார்ச் 5ஆம் தேதி வாங்கிய கடிதம் செல்லாது. இரண்டு ஆண்டு கழித்து ஆடிட் கடிதம் வந்ததும் சங்கத் தலைவரைத் தேடி ஓடி முன்தேதியிட்டு வாங்குவது, செல்லாதது மட்டுமல்ல, இருவரையும் வேறு வம்பில் மாட்டிவிடும். அதனால்தான் சங்கங்களையும் பள்ளிகளையும் கேட்கிறோம்: தன்னார்வலர் பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி 31க்குள் எல்லோருக்கும் மின்னஞ்சலில் இந்த நான்கு வாக்கியத்தை அனுப்பிவிடுங்கள். ஒருவர் ஒரு மாலையில் முடித்துவிடும் வேலை.

இத்தனையும் செய்தால் எவ்வளவு மிச்சம்? உள்ளதைச் சொல்லிவிடுகிறோம், பெரிதாக ஒன்றுமில்லை. 36 சனிக்கிழமை, போகவர 40 மைல்: 1,440 மைலுக்கு 201.60 டாலர். டோல் வாரம் 4 டாலர் என்றால் 144. மொத்தம் 345.60. 22 சதவீத வரிப் படிநிலையில் இருப்பவருக்கு மிஞ்சுவது சுமார் 76 டாலர். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) விட்டுவிட்டுச் செலவுகளைத் தனித்தனியே பட்டியலிடுபவருக்கு மட்டும். 2025க்கு அந்த நிலையான கழிவு தனிநபருக்கு 15,750 டாலர், கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 31,500. உங்கள் வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, சொத்து வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டாவிட்டால் மைலேஜ் நோட்டுப்புத்தகத்தால் கூட்டாட்சி வரியில் பயனில்லை. ஆனால் 2025 முதல் மாநில, உள்ளூர் வரிகளுக்கான உச்சவரம்பு 10,000 டாலரிலிருந்து 40,000 ஆகியிருக்கிறது (மிக அதிக வருமானக்காரர்களுக்குக் குறையும்). நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வீடு வைத்திருப்பவர்களில் பலர், ஐந்தாறு ஆண்டுகளாகப் பட்டியலிடாதவர்கள்கூட, இந்த ஆண்டு மறுபடி பட்டியலிடும் பக்கம் வருவார்கள். போன வருடம் பயனில்லை என்பதால் இந்த வருடமும் பயனில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

2026 முதல் இன்னும் இரண்டு மாற்றங்கள். பட்டியலிடுபவர்களுக்கு, சரிசெய்யப்பட்ட மொத்த வருமானத்தில் அரை சதவீதம் வரையிலான நன்கொடை கணக்கில் வராது. வருமானம் 1,50,000 டாலர் என்றால் முதல் 750 டாலர் போச்சு. பட்டியலிடாதவர்களுக்கோ, ரொக்க நன்கொடையாகத் தனிநபர் 1,000 டாலர் வரையும், தம்பதியர் 2,000 டாலர் வரையும் புதிதாகக் கழிக்கலாம். 2020, 2021இல் இருந்த இதேபோன்ற 300 டாலர் சலுகையில், தொண்டுக்கான கைச்செலவையும் ரொக்க நன்கொடையாகவே ஐஆர்எஸ் ஏற்றது.

இங்கே ஒரு யோசனை. அமைப்பிடம் பணம் இருந்தால், தன்னார்வலருக்கு மைலுக்கு 14 சென்ட்டும் டோலும் ரசீதின்பேரில் திருப்பிக் கொடுக்கட்டும். அது அவருக்கு வருமானமாகாது. அவர் விரும்பினால், எந்தக் கட்டாயமும் முன்பேச்சும் இல்லாமல், அதே தொகையைத் தன் காசோலையில் நன்கொடையாகத் தரலாம். அது ஐயத்துக்கிடமில்லாத ரொக்க நன்கொடை. ஓடோமீட்டர் நோட்டைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் வாதாட வேண்டியதில்லை; அந்தக் கணக்கை அமைப்பிடமே கொடுத்தாயிற்று. திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாலும் மைலுக்கு 14 சென்ட் முழுதாகக் கிடைக்கிறது. கழிவாகக் கேட்டால் 22 சதவீதப் படிநிலையில் கிடைப்பது 3 சென்ட்தான். ஆனால் சில அமைப்புகள் தாராளமாக, தொழில் விகிதத்தையே (2025இல் 70 சென்ட்) கொடுத்துவிடுகின்றன. அதில் 14க்கு மேற்பட்ட 56 சென்ட் தன்னார்வலருக்கு வரிக்குரிய வருமானம். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பொருளாளர்கள் கவனிக்கவும்.

படிவத்தில் எங்கே போடுவது என்பதிலும் தடுமாற்றம் இருக்கிறது. ஷெட்யூல் ஏயில் 11ஆம் வரி, ரொக்க நன்கொடைக்கானது. கைச்செலவும் அங்கேதான். 'நான் பணமாகக் கொடுக்கவில்லையே' என்று 12ஆம் வரியில், பழைய துணிமணி கொடுத்த கணக்கோடு சேர்த்துப் போட்டால், அங்குள்ள தொகை 500 டாலரைத் தாண்டும்போது மென்பொருள், பொருள் நன்கொடைக்கான 8283 படிவத்தைக் கேட்கும். பொருள் வாங்கிய தேதி, வாங்கிய விலை என்று அதில் வரும் கேள்விகளுக்கு உங்களிடம் பதிலே இருக்காது.

கடைசியாக அந்த 14 சென்ட். தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் மைல் விகிதத்தை ஐஆர்எஸ் ஆண்டுதோறும் பார்த்து மாற்றுகிறது. தொண்டுக்கான விகிதம் மட்டும் சட்டத்திலேயே எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது, 170(ஐ) உட்பிரிவில். விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஏற்பாடும் இல்லை. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை 12 சென்ட் என்று எழுதியது. 1997இல் திருத்தி, 1998 முதல் 14 சென்ட் ஆக்கியது. அதோடு சரி. 1998இல் தொழில் விகிதம் 32.5 சென்ட், தொண்டு விகிதம் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. 2025இல் 70 சென்ட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு. நோயாளி தானே மருத்துவமனைக்குக் கார் ஓட்டிப்போனால் 2025இல் விகிதம் 21 சென்ட்; அவரை ஒரு தன்னார்வலர் அதே மருத்துவமனைக்கு அதே சாலையில் அழைத்துப்போனால் 14 சென்ட்.

மாற்ற முடியாத ஒன்றும் இல்லை. 2005இல் கத்ரீனா புயல் அடித்த பிறகு, அந்த நிவாரணப் பணிக்கு மட்டும் விகிதத்தைத் தொழில் விகிதத்தின் 70 சதவீதமாகக் காங்கிரஸ் உயர்த்தியது. 2005 செப்டம்பர் முதல் ஆண்டு இறுதி வரை 34 சென்ட், 2006இல் 32 சென்ட். தொழில் விகிதம் வரை அமைப்பு திருப்பிக் கொடுத்தாலும் வருமானமாகாது என்றும் சேர்த்தது. 2006 முடிந்ததும் பழையபடி 14. அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்க ஒரே ஒரு வாக்கியத் திருத்தம் போதும். ஐஆர்எஸ்ஸுக்கு எழுதிப் பயனில்லை, அவர்கள் கையில் இது இல்லை. உங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கும் இரண்டு செனட்டர்களுக்கும் எழுதுங்கள். எழுதும்போது '170(ஐ)' என்று பிரிவு எண்ணையும், உங்கள் அமைப்பின் தன்னார்வலர்கள் ஆண்டுக்கு ஓட்டும் மைல்களின் கூட்டுத்தொகையையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வரிப் படிவத் தயாரிப்பில் இருக்கும் வாசகர்கள்,
நியூ ஜெர்சி